அழிந்த இனங்களை மீட்டெடுக்கும் அறிவியல்: நூலகத்தின் துணையோடு ஆராயத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

2025 ஏப்ரலில், கொலோசல் பயோசயின்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன டையர் ஓநாயை மீண்டும் பிறக்க வைத்துவிட்டதாக அறிவித்தது. பிறந்திருந்த மூன்று குட்டிகளும், 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்கள் என்பதும் அந்த அறிவிப்போடு சேர்ந்தே தெரியவந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நாய்க்குடும்ப வல்லுநர் குழு, அவை டையர் ஓநாய்களும் அல்ல, அந்த இனத்தின் மாற்றுருக்களும் (அழிந்த இனத்தின் இடத்தை நிரப்பும் பதிலிகளும்) அல்ல என்று மறுத்தது. இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் படிக்கும் புதியவருக்கு யார் சொல்வதை ஏற்பது என்ற குழப்பம் வருவது இயல்பே. அந்தக் குழப்பத்தைச் செய்திகளைக் கொண்டு தீர்க்க முடியாது. செய்திக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுக்கட்டுரை, அதன் தரவு, அதற்கு எழுந்த மறுப்பு, அந்த மறுப்புக்கு அடிப்படையான வழிகாட்டு ஆவணம் ஆகியவற்றை வரிசையாகத் தேடிப் படித்தால்தான் தீரும். இவை நான்கும் ஒரு சாதாரணக் கல்லூரி நூலகத்தின் வழியாகவோ பொது நூலகத்தின் வழியாகவோ எட்டக்கூடியவை. எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் செல்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழிந்த இன மீட்பைப் பற்றி ஆராய விரும்புவோர், உயிருள்ள இனங்களின் பாதுகாப்பைப் பற்றிய நூல்களையும் ஆவணங்களையும் முதலில் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓர் இனம் எதனால் அழிகிறது, ஒரு சிறு கூட்டம் தன்னைத் தாங்கிக்கொள்ள எவ்வளவு மரபணுப் பன்மை தேவை, காட்டில் விடப்பட்ட விலங்கு பிழைக்க என்ன வேண்டும் என்பவை தெரியாமல் மீட்பு முயற்சிகளைப் படித்தால், ஆய்வகத்தில் ஒரு குட்டி பிறந்ததையே இனம் திரும்பிவிட்டதாக எண்ணிவிடுவோம்.

கேள்வியைக் குறுக்குதல்

"அழிந்த உயிரினங்களை மீட்க முடியுமா?" என்ற கேள்வியோடு நூலகத்துக்குள் நுழைந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். அந்த ஒரு கேள்விக்குள் தனித்தனியான பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. தொழில்நுட்பம் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பது ஒன்று. மீட்கப்பட்ட விலங்கு எங்கே வாழும், அதன் பழைய வாழிடம் இன்னும் இருக்கிறதா என்பது இன்னொன்று. அதற்காகும் செலவை யார் ஏற்பது, அது எந்தச் சட்டத்தின்கீழ் வரும், விலங்குகளுக்கு நேரும் துன்பத்தை எப்படி எடைபோடுவது என்பவை வேறொரு துறையைச் சேர்ந்தவை. அந்த இனம் உண்மையில் எப்படி அழிந்தது என்பது வரலாற்றுக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நூல்கள், வெவ்வேறு ஆய்விதழ்கள், வெவ்வேறு அலமாரிகள் இருக்கின்றன.

ஆகவே ஓர் இனத்தையும் ஒரு கேள்வியையும் தேர்ந்துகொள்ளுங்கள். முதல்முறை ஆராய்வோருக்கு நான் பரிந்துரைப்பது மாமதம் (மம்மூத் என்னும் அழிந்துபோன யானையினம்) அல்ல, ஸ்பெயினின் பைரனீஸ் மலைகளில் வாழ்ந்த புகார்டோ என்னும் காட்டாடு. அதன் கடைசிப் பெண் ஆடு 2000 ஜனவரியில் இறந்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அதன் தோலிலிருந்து உயிரணுக்கள் எடுக்கப்பட்டு உறைநிலையில் வைக்கப்பட்டிருந்தன. 2003 ஜூலையில் அவற்றைக் கொண்டு குளோனிங் முறையில் ஒரு குட்டி பிறந்து, சில நிமிடங்களில் இறந்தது. இதைப் பற்றிய மூல ஆய்வுக்கட்டுரை ஒன்றுதான். அதைச் சுற்றியுள்ள விவாதங்களும் ஒருவர் படித்து முடிக்கக்கூடிய அளவிலேயே இருக்கின்றன. மாமதத்தைப் பற்றித் தேடினால், தொல்லுயிரியலில் தொடங்கித் துருவப் பகுதித் தட்பவெப்பம் வரை ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து குவிந்து, எதை விடுவது என்றே தெரியாமல் போய்விடும்.

அடிப்படைகளை விரைவாகக் கற்றல்

கலைக்களஞ்சியங்களும் பாடநூல்களும் இருக்கும் குறிப்புதவிப் பகுதிக்கு முதலில் செல்லுங்கள். பாதுகாப்பு உயிரியல், மரபியல் ஆகிய இரண்டிலும் ஓர் அறிமுகப் பாடநூலை எடுத்து, அழிவு, சிறு கூட்டங்களின் மரபியல், மறு அறிமுகம் (விலங்குகளை அவற்றின் பழைய வாழிடத்தில் மீண்டும் விடுதல்), குளோனிங் ஆகியவற்றைப் பற்றிய இயல்களை மட்டும் படித்தால் போதும். பாடநூல் பழையதாக இருந்தாலும் அடிப்படைக்கு உதவும். ஆனால் மரபணுத் திருத்தம் பற்றிய பகுதிக்கு 2012க்குப் பின் வந்த பதிப்பையே பார்க்க வேண்டும், ஏனெனில் கிரிஸ்பர் முறை ஒரு கருவியாக அறிமுகமானது அந்த ஆண்டில்தான்.

மூன்று வழிமுறைகளைப் பிரித்தறியும் அளவுக்குத் தெளிவு வந்துவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். முதலாவது, அழிந்த இனத்தின் சாயல்கள் எஞ்சியிருக்கும் நெருங்கிய விலங்குகளைத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, பழைய தோற்றத்தை நோக்கிக் கொண்டுசெல்வது. தென்னாப்பிரிக்காவில் 1987இல் தொடங்கிய குவாக்கா (அழிந்துபோன ஒரு வரிக்குதிரை வகை) திட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, உறைநிலையில் காக்கப்பட்ட உயிரணுவின் உட்கருவை வேறொரு விலங்கின் முட்டைக்குள் வைத்து வளர்ப்பது. புகார்டோவுக்குச் செய்தது இதுவே. மூன்றாவது, பழைய எலும்பு, பல் முதலியவற்றிலிருந்து மரபணுத் தொகுதியைப் படித்தெடுத்து, உயிருள்ள உறவினத்தின் உயிரணுவில் அதற்கேற்பத் திருத்தம் செய்வது. நீங்கள் படிக்கும் எந்தச் செய்தியிலும் இந்த மூன்றில் எது பேசப்படுகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். விவாதங்களில் பாதி, ஒரு முறையைப் பற்றிச் சொன்னதை இன்னொரு முறைக்கு ஏற்றிவிடுவதால்தான் எழுகின்றன.

பெயர்ப் பட்டியலும் தேடுசொற்களும்

ஒரு தாளில் உங்கள் இனத்துக்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இதை அலட்சியம் செய்பவர்கள் பாதி ஆய்வுகளைத் தவறவிடுகிறார்கள். புகார்டோவைத் தேடுபவர் பைரனீஸ் ஐபெக்ஸ் என்ற பொதுப்பெயரிலும், காப்ரா பைரனாயிக்கா பைரனாயிக்கா என்ற அறிவியல் பெயரிலும் தேட வேண்டும். தைலசீன் என்னும் அழிந்துபோன ஆஸ்திரேலிய ஊனுண்ணியைத் தேடுபவர், டாஸ்மேனியப் புலி, டாஸ்மேனிய ஓநாய் என்ற பெயர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய செய்தித்தாள்களில் அது புலி என்றும் கழுதைப்புலி என்றும்கூட எழுதப்பட்டிருக்கிறது.

அறிவியல் பெயர்களும் மாறக்கூடியவை. டையர் ஓநாய் நெடுங்காலமாகக் கேனிஸ் டைரஸ் என்று, சாம்பல் ஓநாயின் பேரினத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. 2021இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு, அந்த இனம் ஓநாய்களின் வழியிலிருந்து சுமார் 57 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதாகக் காட்டிய பிறகு, ஏனோசையான் டைரஸ் என்ற பெயர் நிலைபெற்றது. புதிய பெயரை மட்டும் கொண்டு தேடினால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட எலும்பியல் ஆய்வுகள் கண்ணில் படாது. பழைய பெயரை மட்டும் கொண்டு தேடினால் 2025 அறிவிப்பைப் புரிந்துகொள்ளத் தேவையான இந்த ஆய்வே கிடைக்காமல் போகலாம்.

பொருள் சார்ந்த சொற்களுக்கும் இதே கவனம் தேவை. அழிந்த இன மீட்பைக் குறிக்கும் டி-எக்ஸ்டிங்ஷன் என்ற சொல் பரவலானது, 2013 மார்ச்சில் வாஷிங்டனில் இதற்கென நடந்த உரைத்தொடருக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய ஆய்வுகள் குளோனிங், பழைய மரபணு, இனங்களுக்கு இடையிலான உட்கரு மாற்றம் என்ற தலைப்புகளில் இருக்கும். பாதுகாப்பு ஆவணங்களோ மாற்றுரு, மறு அறிமுகம், பாதுகாப்பு நோக்கிலான இடமாற்றம், மரபணு மீட்பு என்ற சொற்களைப் பயன்படுத்துகின்றன. இவற்றின் ஆங்கில வடிவங்களையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தரவுத்தளங்கள் ஆங்கிலத்தில்தான் தேட விடுகின்றன.

அலமாரிகளில் தேடுதல்

இந்தப் பொருளுக்கென ஒரே அலமாரி எந்த நூலகத்திலும் இருக்காது. டூயி பகுப்பு எண் முறையைப் பின்பற்றும் நூலகமாக இருந்தால், அருகிவரும் விலங்குகள் 591.68இலும், பல்லுயிர்ப் பாதுகாப்பு 333.95இலும், தொல்லுயிரியல் 560இலும், பரிணாமமும் அழிவும் 576.8இலும், உயிர்த்தொழில்நுட்பம் 660.6இலும், சுற்றுச்சூழல், விலங்குகள் சார்ந்த அறவியல் 179இலும் இருக்கும். பட்டியலில் ஒரு நல்ல நூல் கிடைத்தவுடன், அதன் பதிவில் கொடுக்கப்பட்டிருக்கும் பொருள் தலைப்புகளைச் சொடுக்கிப் பாருங்கள். அதே தலைப்பின்கீழ் வகைப்படுத்தப்பட்ட மற்ற நூல்கள் வரிசையாக வரும். பிறகு அலமாரிக்குச் சென்று, அந்த நூலுக்கு இருபுறமும் இருப்பவற்றின் பொருளடக்கத்தையும் சொல்லடைவையும் புரட்டுங்கள். திரையில் தேடும்போது தோன்றாத நூல்கள் இப்படித்தான் கைக்கு வரும்.

தரவுத்தளங்களில் தேடுதல்

ஆய்வுக்கட்டுரைகளுக்கு வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் ஆகிய இரண்டும் பரந்தவை. சந்தா செலுத்தும் நூலகங்களில் மட்டுமே கிடைக்கும். விலங்கியலுக்கு ஜூலாஜிக்கல் ரெக்கார்டு இருக்கிறது. 1864இலிருந்து வெளிவருவதால், அழிந்த இனங்களைப் பற்றிய பழைய குறிப்புகளுக்கு அதற்கு இணை இல்லை. மரபணு, இனப்பெருக்க ஆய்வுகளுக்குப் பப்மெட் இலவசமானது. கூகுள் ஸ்காலர் எளிதானது, ஆனால் சக மதிப்பாய்வு (வெளியிடும் முன் அத்துறை வல்லுநர்கள் செய்யும் சரிபார்ப்பு) பெற்றவற்றையும் பெறாதவற்றையும் கலந்தே காட்டும்.

தேடும்போது சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். ஒரே இனத்தின் பல பெயர்களை ஆர் (OR) என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்து அடைப்புக்குள் வைத்து, அதைக் குளோனிங் போன்ற பொருள் சொல்லோடு அண்ட் (AND) என்பதால் இணையுங்கள். நூற்றுக்கு மேல் முடிவுகள் வந்தால், தலைப்பிலும் சுருக்கத்திலும் மட்டும் தேடுமாறு குறுக்குங்கள். பத்துக்குக் கீழே வந்தால், பெயர்ப் பட்டியலுக்குத் திரும்பிச் சென்று விடுபட்ட பெயரைச் சேருங்கள்.

ஒரு முக்கியமான கட்டுரை கிடைத்துவிட்டால், அதிலிருந்து இரு திசைகளில் நகரலாம். அது மேற்கோள் காட்டும் பழைய கட்டுரைகள் பின்னோக்கிய வழி. அதை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகள் முன்னோக்கிய வழி. இரண்டாவதைத்தான் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். மறுப்புகள், திருத்தங்கள், அதே சோதனையை மீண்டும் செய்தவர்களின் முடிவுகள் எல்லாம் முன்னோக்கிய வழியில்தான் கிடைக்கும்.

ஒரு மூலக் கட்டுரையை நெருங்கிப் படித்தல்

புகார்டோ குளோனிங் ஆய்வு 2009இல் தீரியோஜெனாலஜி என்ற ஆய்விதழில் வெளிவந்தது. குட்டி பிறந்ததோ 2003இல். இந்த ஆறாண்டு இடைவெளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறிவிப்புக்கும் சரிபார்க்கத்தக்க பதிவுக்கும் இடையே காலம் ஓடலாம், அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்டவை எல்லாம் முழு விவரம் இல்லாமல் எழுதப்பட்டவை.

இனி அந்தக் கட்டுரையின் தலைப்பையே பாருங்கள். அதில், அழிந்த இனம் என்று இல்லை. அழிந்த துணையினத்தைச் சேர்ந்த விலங்கின் முதல் பிறப்பு என்றே ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐபீரியக் காட்டாடு என்னும் இனம் ஸ்பெயினில் இன்றும் வாழ்கிறது. அற்றுப்போனது அதன் ஒரு கிளை மட்டுமே. வாடகைத் தாய்களாக அதே ஐபீரியக் காட்டாடுகளையும், காட்டாட்டுக் கிடாவுக்கும் வீட்டு ஆட்டுக்கும் பிறந்த கலப்பினங்களையும் பயன்படுத்த முடிந்ததற்கு இந்த நெருக்கமே காரணம். நெருங்கிய உறவினம் இல்லாத ஒரு விலங்குக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது என்பது தலைப்பிலிருந்தே விளங்கிவிடுகிறது.

அடுத்து எண்கள். இரண்டு சோதனைகள் நடந்தன. முதலாவதில் 285 கருக்கள் உருவாக்கப்பட்டு, அவற்றுள் 30 கருக்கள் தொடக்க நிலையிலேயே 5 ஆடுகளுக்குள் வைக்கப்பட்டன. மீதமிருந்தவை ஏழு நாள் வரை வளர்க்கப்பட்டு, அவற்றுள் 24 கருக்கள் 8 ஆடுகளுக்குள் வைக்கப்பட்டன. இரண்டாவதில் 154 கருக்கள் 44 ஆடுகளுக்குள் வைக்கப்பட்டன. கூட்டிப் பார்த்தால், 208 கருக்கள், 57 தாய் ஆடுகள், 7 சினைகள், ஒரே ஒரு பிறப்பு. அந்த ஒன்றும் நுரையீரல் குறைபாட்டால் பிழைக்கவில்லை. இந்த 57 என்ற எண் கைமாறிக் கைமாறி வரும்போது, வைக்கப்பட்ட கருக்களின் எண்ணிக்கையாக மாறிவிடக்கூடும். அப்படி மாறினால் வெற்றி விகிதம் உண்மையில் இருந்ததைவிடப் பல மடங்கு உயர்ந்ததாகத் தோன்றும். எனவே எந்த எண்ணை எடுத்தாலும், அது எதன் எண்ணிக்கை என்பதை ஆய்வுமுறைப் பகுதிக்குச் சென்று உறுதிசெய்த பிறகே உங்கள் குறிப்பில் எழுதுங்கள்.

கட்டுரை சொல்லாததையும் கவனிக்க வேண்டும். உயிரணுக்கள் கிடைத்தது ஒரே ஒரு பெண் ஆட்டிலிருந்து. குளோனிங் முழு வெற்றி பெற்றிருந்தாலும் கிடைத்திருப்பது அதே பெண் ஆட்டின் நகல்களே. இணைசேரக் கிடா இல்லை, கூட்டத்துக்கு மரபணுப் பன்மையும் இல்லை. ஒரு விலங்கைப் பிறப்பிப்பதற்கும் ஓர் இனத்தை நிலைநிறுத்துவதற்கும் இடையிலுள்ள தூரத்தை, இந்த ஒரே எடுத்துக்காட்டு தெளிவாகக் காட்டிவிடுகிறது. பாதுகாப்பு உயிரியலை முதலில் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

மரபணுத் திருத்த முறையைப் பற்றிப் படிப்பவர்கள், 2022இல் கரன்ட் பயாலஜி இதழில் வந்த கிறிஸ்துமஸ் தீவு எலி ஆய்வைத் தவறவிடக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்த அந்த எலியின் மரபணுத் தொகுதியை, நெருங்கிய உறவினமான பழுப்பு எலியோடு ஒப்பிட்டுப் படித்தபோது, ஏறத்தாழ 5 விழுக்காடு மீட்க முடியாமலே போயிற்று. இழந்த பகுதிகளில் நோய் எதிர்ப்பு, மோப்பம் ஆகியவை சார்ந்த மரபணுக்கள் அடங்கியிருந்தன. அண்மையில் அழிந்த, உறவினம் நன்கு அறியப்பட்ட விலங்குக்கே இந்த நிலை என்றால், மற்ற விலங்குகளைப் பற்றிய உரிமைகோரல்களைப் படிக்கும்போது எந்தப் பகுதி கிடைக்கவில்லை என்று தேடிப் பார்ப்பது அவசியமாகிறது.

மூலக் கட்டுரையைப் படிக்கும்போது, அது சக மதிப்பாய்வு பெற்றதா, மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடப்பட்ட வெறும் முன்பதிப்பா என்பதையும், நிதி எங்கிருந்து வந்தது, ஆசிரியர்களுக்கு அந்த நிறுவனத்தில் பங்கு உண்டா என்பதையும் கடைசிப் பக்கங்களில் பாருங்கள். டையர் ஓநாய் அறிவிப்பு வந்தபோது, மதிப்பாய்வு முடிந்த கட்டுரை எதுவும் அதனோடு வரவில்லை. நிறுவன நிதியில் நடந்த ஆய்வு என்பதற்காக அதை ஒதுக்கிவிடத் தேவையில்லை. ஆனால் அந்த விவரத்தை உங்கள் குறிப்பில் கண்டிப்பாக எழுதிவைக்க வேண்டும்.

பாதுகாப்பு ஆவணங்கள்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பலர் அதில் ஓர் இனத்தின் நிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு மதிப்பீட்டுக்குள்ளும் பரவல், எண்ணிக்கை, அச்சுறுத்தல்கள், எடுக்கப்பட்ட நடவடிக்கைகள், எந்த அளவுகோலின்படி அந்த நிலை தரப்பட்டது, மதிப்பிட்டவர் யார், எந்த ஆண்டில் என்பவையெல்லாம் இருக்கின்றன. ஆண்டைக் கட்டாயம் பாருங்கள். பத்தாண்டுக்கு முந்தைய மதிப்பீட்டை இன்றைய நிலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி உயிரி இறந்துவிட்டது என்பதில் நியாயமான ஐயம் எதுவும் இல்லாதபோதுதான் ஓர் இனம் அழிந்ததாக அங்கே அறிவிக்கப்படும். காப்பிடங்களில் மட்டும் எஞ்சியிருப்பது இயற்கையில் அழிந்தது என்று தனியாகக் குறிக்கப்படும். மாமதத்தையோ டையர் ஓநாயையோ அங்கே தேடினால் கிடைக்காது, ஏனெனில் அந்தப் பட்டியல் 1500ஆம் ஆண்டுக்குப் பிந்தைய அழிவுகளையே கணக்கில் கொள்கிறது.

அதே ஒன்றியம் 2016இல் வெளியிட்ட, அழிந்த இனங்களுக்கு மாற்றுருக்களை உருவாக்குவது பற்றிய வழிகாட்டு நெறிகளை முழுமையாகப் படியுங்கள். சுருக்கமான ஆவணம்தான். இன்றுள்ள எந்த வழிமுறையும் அழிந்த இனத்தின் அச்சு அசலான நகலைத் தராது என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால்தான் மாற்றுரு என்ற சொல்லை ஆள்கிறது. அந்த மாற்றுருவை உருவாக்குவதால் இயற்கைப் பாதுகாப்புக்கு என்ன பயன் என்பதை அளவுகோலாக வைக்கிறது. டையர் ஓநாய் பற்றிய மறுப்பு இந்த ஆவணத்தின் அடிப்படையில் எழுந்ததுதான். இதனோடு, 2013இல் வெளிவந்த மறு அறிமுகம், இடமாற்றம் பற்றிய வழிகாட்டு நெறிகளையும் சேர்த்துப் படித்தால், ஒரு விலங்கைக் காட்டில் விடுவதற்கு முன் என்னென்ன கேள்விகளுக்கு விடை வேண்டும் என்பது விளங்கும்.

செலவைப் பற்றி ஆராய்பவர்களுக்கு, 2017இல் நேச்சர் எகாலஜி அண்ட் எவல்யூஷன் இதழில் வந்த ஓர் ஆய்வு நல்ல தொடக்கம். நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆகிய இடங்களின் பாதுகாப்புச் செலவுத் தரவுகளைக் கொண்டு, மீட்கப்பட்ட இனங்களை நெடுங்காலம் பராமரிக்கும் பொறுப்பை அரசு ஏற்றால், அதே பணத்தில் காக்கக்கூடிய உயிருள்ள இனங்கள் கைவிடப்பட்டு, மொத்தத்தில் பல்லுயிர் இழப்பே மிஞ்சக்கூடும் என்று அது கணக்கிட்டது. இதை ஏற்பதோ மறுப்பதோ உங்கள் ஆய்வின் முடிவைப் பொறுத்தது. மறுப்பதாக இருந்தாலும், இந்தக் கணக்குக்கு விடை சொல்லாமல் மறுக்க முடியாது.

எதிர்த்திசையிலும் வலுவான சான்றுகள் இருக்கின்றன, அவற்றையும் நேர்மையாகத் தேட வேண்டும். வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் (கீரியைப் போலத் தோன்றும் சிறு ஊனுண்ணி) இன்று எஞ்சியிருப்பது வெறும் ஏழு முன்னோரின் வழியாகத்தான். 1988இல் உறையவைக்கப்பட்ட வில்லா என்ற விலங்கின் உயிரணுக்களிலிருந்து, எலிசபெத் ஆன் என்ற குட்டி 2020 டிசம்பரில் குளோனிங் முறையில் பிறந்தது. வில்லா அந்த ஏழில் ஒன்றல்ல. ஆகவே இழந்துவிட்டதாகக் கருதப்பட்ட மரபணுப் பன்மையின் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உருவானது. அதே உயிரணுக்களிலிருந்து பிறந்த அன்டோனியா 2024இல் குட்டிகளை ஈன்றது. அழிந்த இனங்களுக்காகப் பேசப்படும் தொழில்நுட்பம், அழிவின் விளிம்பிலுள்ள இனத்துக்குக் கைகொடுத்திருக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்துக்கு இதுவே ஆகச் சிறந்த பயன்பாடு என்று நான் கருதுகிறேன். இதைத் தேடுவதற்குரிய சொல் மரபணு மீட்பு என்பதன் ஆங்கில வடிவமான ஜெனடிக் ரெஸ்க்யூ (genetic rescue) என்பதே. அழிந்த இன மீட்பு என்று மட்டும் தேடினால் இது முழுமையாகக் கிடைக்காது.

பழைய பதிவுகளில் தேடுதல்

ஓர் இனம் ஏன் அழிந்தது என்பது தெரியாமல் அதை மீட்பது பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை, காரணம் நீங்காவிட்டால் அது மறுபடியும் அழியும். இதற்கான சான்றுகள் பழைய நூல்களிலும் செய்தித்தாள்களிலும் அரசுப் பதிவேடுகளிலும் இருக்கின்றன. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற மின்நூலகம் பல நாடுகளின் இயற்கை வரலாற்று நூலகங்கள் சேர்ந்து நடத்துவது. இனங்களை முதன்முதலில் விவரித்த நூல்களை அங்கே முழுமையாகவும் இலவசமாகவும் படிக்கலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில், அந்நாட்டின் பழைய செய்தித்தாள்களைச் சொல் சொல்லாகத் தேடலாம்.

தைலசீனை எடுத்துக்கொள்வோம். ஆடுகளைக் கொல்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், டாஸ்மேனிய அரசு 1888 முதல் 1909 வரை அதைக் கொன்றவர்களுக்குப் பரிசுத்தொகை வழங்கியது. 2,184 விலங்குகளுக்குத் தொகை வழங்கப்பட்டதற்கு அரசுப் பதிவு இருக்கிறது. 1936 ஜூலை 10 அன்று அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்குக் காட்சியகத்தில் கடைசி விலங்கு இறந்தது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே 59 நாள்களே.

அந்தக் கடைசி விலங்கின் உடல் எங்கே போனது என்பது 85 ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கும் தெரியாமல் இருந்தது. பிறகு இரண்டு ஆய்வாளர்கள், டாஸ்மேனிய அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம்செய்யும் பணியாளர் 1936-37இல் எழுதி வெளியிடப்படாமல் கிடந்த ஒரு பணியறிக்கையில், அந்த ஆண்டு கையாளப்பட்ட உடல்களின் வரிசையில் ஒரு தைலசீனும் இருப்பதைக் கண்டார்கள். அந்தக் குறிப்பைப் பின்பற்றிச் சென்றபோது, அதே அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியிலேயே தோலும் எலும்புக்கூடும் இருந்தன. 2022 டிசம்பரில் இது அறிவிக்கப்பட்டது. ஆண் என்று பலரும் எழுதிவந்த அந்த விலங்கு வயதான பெண் என்பதும் வெளியானது. ஆண்டறிக்கைகள், சேகரிப்புப் பதிவேடுகள், நன்கொடைப் பட்டியல்கள் போன்ற, ஆய்விதழ்களில் வராத தாள்களுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இத்தகையவை பொதுப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆவணப் பிரிவின் பொறுப்பாளரிடம் காலத்தையும் இடத்தையும் குறிப்பிட்டுக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

மாதிரிகளின் தரவுக்கு ஜிபிஐஎஃப் என்ற பன்னாட்டுத் தரவுத்தளம் இருக்கிறது. அதில் அருங்காட்சியக மாதிரிகளும், ஆர்வலர்கள் பதிந்த காட்சிகளும் ஒன்றாகக் கலந்திருப்பதால், பதிவின் வகை, தேதி, இடக்குறிப்பு ஆகிய மூன்றையும் வடிகட்டிப் பார்க்க வேண்டும்.

கைக்கு எட்டாத கட்டுரைகள்

சந்தா இல்லாததால் ஒரு கட்டுரை திறக்கவில்லை என்றால், சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். கூகுள் ஸ்காலரில் எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பைச் சொடுக்கினால், பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் ஆசிரியரே இட்ட படி கிடைக்கலாம். கிடைக்காவிட்டால், நூலகங்களுக்கிடையிலான இரவல் சேவையைக் கேளுங்கள். ஆய்விதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்கம், டிஓஐ எண் (கட்டுரையின் நிலையான மின் அடையாள எண்) ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் வேறொரு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். ஆசிரியருக்கே மரியாதையாக எழுதிக் கேட்டாலும் பலர் அனுப்பிவைக்கிறார்கள்.

நூலகரிடம் உதவி கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் "அழிந்த விலங்குகளைப் பற்றி ஏதாவது வேண்டும்" என்று கேட்காமல், எழுதிவைத்த கேள்வியையும் பெயர்ப் பட்டியலையும் இதுவரை தேடிய இடங்களையும் காட்டிக் கேளுங்கள். எந்தத் தரவுத்தளத்தில் எந்தச் சொல் பொருள் தலைப்பாக ஆளப்படுகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

குறிப்பெடுத்தலும் சரிபார்த்தலும்

ஜொடேரோ போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஆதாரத்தையும் எடுத்த அன்றே பதிந்துவிடுங்கள். குறிப்பில் மூன்றைத் தனித்தனியாக எழுதுங்கள்: ஆசிரியர்கள் அளந்து கண்டது, அதிலிருந்து அவர்கள் ஊகித்தது, பிறர் அதைப் பற்றிச் சொன்னது. இந்தத் துறையில் இவை மூன்றும் மிக எளிதாக ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. டையர் ஓநாயைப் பொறுத்தவரை, 20 திருத்தங்கள் செய்யப்பட்டன என்பது முதல் வகை. அவற்றால் உடலமைப்பு பழைய இனத்தை ஒத்திருக்கும் என்பது இரண்டாவது. இனம் திரும்பிவிட்டது, திரும்பவில்லை என்பவை மூன்றாவது.

எழுதி முடித்த பிறகு, ஒப்படைப்பதற்கு முன், மூன்று இடங்களுக்கு மட்டும் மறுபடி சென்று வாருங்கள். சிவப்புப் பட்டியல் ஓராண்டில் பலமுறை புதுப்பிக்கப்படுவதால், உங்கள் இனத்தின் மதிப்பீடு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் முதன்மையாகச் சார்ந்திருக்கும் கட்டுரையின் பக்கத்தில், திருத்தமோ திரும்பப் பெறுதலோ அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பதிப்பாகப் படித்தது எதுவும் இதற்குள் மதிப்பாய்வு முடிந்து வெளியாகியிருந்தால், புதிய பதிப்பில் எண்கள் மாறியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, மாறியிருந்தால் உங்கள் கட்டுரையிலும் மாற்றி, பார்த்த தேதியை அடிக்குறிப்பில் இடுங்கள்.